டெக்சஸில் பொருளாதார பிபிஏ: எட்டு செமஸ்டருக்கும் பாடத்திட்டம் போடுவது எப்படி

டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலைப் பொருளாதாரத்தை இரண்டு இடங்களில் படிக்கலாம். கலை-அறிவியல் பிரிவில் சேர்ந்தால் பிஏ அல்லது பிஎஸ் பட்டம், பிசினஸ் ஸ்கூலில் சேர்ந்தால் பிபிஏ, அதாவது வணிக நிர்வாக இளங்கலை. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. பிபிஏவில் பொருளாதாரம் என்று பெயர் போட்ட மேல்நிலைப் பாடங்கள் ஏறத்தாழ எட்டுதான் வரும். கணக்கியல், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ் என்று பிசினஸ் பாடங்கள் அதைவிட அதிகம். பொருளாதாரக் கோட்பாட்டில் மூழ்க நினைப்பவருக்கு பிஎஸ் பொருத்தம். கம்பெனி, வங்கி, கன்சல்டிங் வேலை என்று யோசிப்பவருக்கு பிபிஏ. எதில் சேர்கிறோம் என்பதை முதல் வருடத்திலேயே தெளிவாக்கிக்கொண்டால் பிற்பாடு மாறும் செலவு மிச்சம்.

பட்டத்துக்குப் பொதுவாக 120 க்ரெடிட் (பாட அளவை எண்ணும் அலகு, ஒரு பாடம் பெரும்பாலும் மூன்று) தேவை. எட்டு செமஸ்டர், செமஸ்டருக்கு 15 என்று வகுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் கடைசியில் ஒன்பதாவது, பத்தாவது செமஸ்டர் படிக்கிறார்கள். பட்டம் எந்த மாதம் கைக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மொத்த க்ரெடிட் அல்ல. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று கோத்து நிற்கும் முன்தேவைப் பாடங்களின் சங்கிலி. ஆகவே திட்டத்தைக் கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

முதலில் கையில் எடுக்க வேண்டியவை

நீங்கள் சேர்ந்த வருடத்தின் கேட்டலாக், அதாவது பாடங்களும் பட்ட விதிகளும் அடங்கிய பல்கலைக்கழகக் கையேடு. இது முக்கியம், இந்த வருடத்தினுடையது அல்ல. எந்தக் கேட்டலாக்கின் கீழ் சேர்ந்தீர்களோ அதன் விதிகளின்படி பட்டம் பெறும் உரிமை பொதுவாகச் சில வருடங்களுக்கு உண்டு. சீனியர் கொடுத்த பழைய திட்டத்தாள் வேறு கேட்டலாக்கைச் சேர்ந்ததாக இருந்தால் அது உங்களுக்குப் பயன்படாது.

அடுத்தது டிகிரி ஆடிட். பல வளாகங்களில் இது டிகிரி வொர்க்ஸ் என்ற மென்பொருளில் இருக்கும். எந்தத் தேவை நிறைவேறியது, எது பாக்கி என்று காட்டும். அதில் 'வாட்-இஃப்' என்றொரு வசதி உண்டு. மேஜரை (முதன்மைப் பாடத்துறையை) மாற்றினால் கையிலுள்ள பாடங்களில் எவை செல்லும், எவை வீணாகும் என்று மாற்றுவதற்கு முன்பே பார்க்கலாம். மூன்றாவதாக, கடந்த நான்கைந்து செமஸ்டர்களின் வகுப்பு அட்டவணை. எந்த மேல்நிலைப் பாடம் ஃபாலில் (ஆகஸ்ட்-டிசம்பர்) மட்டும் வருகிறது, எது ஸ்பிரிங்கில் (ஜனவரி-மே) மட்டும் வருகிறது என்று கேட்டலாக் சொல்லாததை இது சொல்லிவிடும். கேட்டலாக்கில் பெயர் இருந்தும் பல செமஸ்டர்களாக நடத்தப்படாத எலெக்டிவ்களும் இருக்கும். அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

120 எங்கே போகிறது

மாநிலச் சட்டப்படி எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் பொதுவான கோர் பாடத்தொகுப்பு 42 க்ரெடிட். கம்யூனிகேஷன் 6, கணிதம் 3, இயற்கை அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் 6, சமூக அறிவியல் 3, கல்லூரியே தீர்மானிக்கும் விருப்பப் பகுதி 6. பொருளாதார பிபிஏ மாணவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. கணிதப் பகுதியை வணிகக் கணிதமான மேத் 1324 நிரப்பும். சமூக அறிவியலை எக்கான் 2301 (மேக்ரோ) அல்லது 2302 (மைக்ரோ) நிரப்பும். விருப்பப் பகுதியில் பிசினஸ் பேச்சுப் பாடமான ஸ்பீச் 1321, சில இடங்களில் பிசினஸ் கால்குலஸான மேத் 1325 கூட ஏற்கப்படும். எப்படியும் படித்தாக வேண்டிய பாடத்தையே கோரிலும் கணக்கு வைத்தால் மூன்று, நான்கு பாடங்களுக்கான இடம் மிஞ்சும். சமூக அறிவியலுக்கென்று உளவியலை எடுத்துவிட்டு அப்புறம் எக்கான் 2301ஐயும் எடுப்பவர் அந்த மூன்று க்ரெடிட்டை எலெக்டிவ் கணக்கில் இழக்கிறார். உளவியல் பிடித்திருந்தால் தாராளமாகப் படிக்கலாம், விலை தெரிந்து படிக்க வேண்டும்.

கோருக்கு வெளியே பிசினஸ் அடிப்படைப் பாடங்கள் ஏறத்தாழ 18: இரண்டு கணக்கியல், இன்னொரு அடிப்படைப் பொருளாதாரம், கம்ப்யூட்டர் பயன்பாடு, புள்ளியியல், வணிகச் சட்டம். மேல்நிலை பிசினஸ் பாடங்கள் 21: ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட், ஆபரேஷன்ஸ், தகவல் அமைப்பு, பிசினஸ் எழுத்து, கடைசியில் ஸ்ட்ராட்டஜி. பொருளாதார மேஜர் 24. மீதி 15 உங்கள் விருப்பம். வளாகத்துக்கு வளாகம் இந்த எண்களில் மூன்று, ஆறு க்ரெடிட் கூடும், குறையும். ஆனாலும் கணக்கின் வடிவம் இதுதான்.

பாட எண்ணைப் படிக்கவும் பழகுங்கள். டெக்சஸின் பொது எண் முறையில் முதல் இலக்கம் நிலை, இரண்டாம் இலக்கம் க்ரெடிட். 2301 என்றால் இரண்டாம் வருட நிலை, மூன்று க்ரெடிட். 2413 என்றால் நான்கு க்ரெடிட். இந்த எண்ணில் உள்ள பாடத்தைக் கம்யூனிட்டி காலேஜில் படித்தாலும் பல்கலைக்கழகம் அதே பாடமாக ஏற்கும். 3000, 4000 எண்களுக்கு இந்த உடன்பாடு கிடையாது.

சங்கிலியைப் பின்னோக்கி வரைதல்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வலது ஓரத்தில் இரண்டு பாடங்களை எழுதுங்கள்: எக்கனாமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரங்களைக் கொண்டு பொருளாதாரத்தை ஆராயும் பாடம்), ஸ்ட்ராட்டஜி (நிறுவன வியூகம்). இவை இரண்டும்தான் பட்டத்தின் பூட்டுகள்.

எக்கனாமெட்ரிக்ஸுக்கு முன் புள்ளியியல் வேண்டும். அதற்கு முன் பிசினஸ் கால்குலஸான மேத் 1325 அல்லது குறைந்தது மேத் 1324. இடைநிலை மைக்ரோவுக்கு எக்கான் 2302உம் 1325உம். ஸ்ட்ராட்டஜி பொதுவாகக் கடைசி செமஸ்டர் பாடம். ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட் மூன்றும் முடித்தவர்களுக்கே அதில் இடம். ஃபைனான்ஸுக்கு முன் கணக்கியல், அதிலும் முதல் பாகம் முடித்துத்தான் இரண்டாம் பாகம். இதற்கெல்லாம் மேலே இன்னொரு கதவும் பல பிசினஸ் ஸ்கூல்களில் உண்டு: அடிப்படைப் பாடங்களைக் குறிப்பிட்ட ஜிபிஏவுடன் (சராசரி க்ரேடுப் புள்ளியுடன்) முடிக்கும் வரை 3000, 4000 நிலை பிசினஸ் பாடங்களில் பதிவு செய்யவே விடமாட்டார்கள்.

இப்போது ஒரு கணக்கு. எக்கனாமெட்ரிக்ஸ் ஃபாலில் மட்டும் நடக்கும் வளாகம் என்று வைத்துக்கொள்வோம். ஃபாலில் சேர்ந்தவருக்கு அது ஐந்தாம் செமஸ்டரில் வரும், தவறினால் ஏழாவதில். மேத் 1324 முதல் செமஸ்டர், 1325 இரண்டாவது, புள்ளியியல் மூன்றாவது என்று போனால் ஐந்தாம் செமஸ்டருக்கு முன் ஒரு செமஸ்டர் மூச்சுவிட இடம் இருக்கிறது. கால்குலஸில் ஒருமுறை சறுக்கினாலும் புள்ளியியலை நான்காவதில் முடித்துச் சமாளிக்கலாம். இரண்டாவது முறையும் சறுக்கினால் ஒரு செமஸ்டர் அல்ல, முழு வருடம் தள்ளிப்போகும்: எக்கனாமெட்ரிக்ஸ் ஏழாவதில். ஏழாவதிலும் எக்கனாமெட்ரிக்ஸைத் தவறவிட்டால் ஒன்பதாம் செமஸ்டர். மேத் 1314 என்ற காலேஜ் அல்ஜீப்ராவிலிருந்து தொடங்குபவருக்கு அந்த ஒரு செமஸ்டர் இடைவெளிகூடக் கிடையாது. அவர் 1314, 1324, 1325, புள்ளியியல் என்று நான்கு செமஸ்டரிலும் ஒன்றுகூடத் தவறாமல் போக வேண்டும், அல்லது ஒன்றைக் கோடையில் முடிக்க வேண்டும்.

இதனால்தான் கணிதத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்கச் சொல்கிறோம். 'கல்லூரி பழகட்டும், கணிதம் அடுத்த வருடம்' என்பது கேட்க இதமான அறிவுரை. பிபிஏ மாணவர்களைத் தாமதப்படுத்தும் காரணங்களில் அதைவிடச் சாதாரணமானது வேறில்லை.

கணிதத்தில் எந்தப் படியில் தொடங்குவது

தமிழ்நாட்டு +2 முடித்து வருபவருக்கு அந்த மதிப்பெண்ணுக்காக நேரடியாக க்ரெடிட் கிடைப்பது அரிது. ஆனால் +2வில் கணிதமோ வணிகக் கணிதம்-புள்ளியியலோ படித்தவருக்கு மேத் 1324இன் பெரும்பகுதி தெரிந்ததாகத்தான் இருக்கும்: மேட்ரிக்ஸ், நேரியல் திட்டமிடல், வட்டிக் கணக்கு, நிகழ்தகவு. பல்கலைக்கழகத்தின் கணித ப்ளேஸ்மென்ட் தேர்வை அலட்சியமாக எழுதாமல் இரண்டு வாரம் தயாரித்து எழுதினால் நேரே 1325இல் உட்காரலாம். அந்த ஒரு படி தாண்டினால் சங்கிலியில் ஒரு செமஸ்டர் கூடுதலாகக் கிடைக்கும். பட்டத்துக்கு 1324 கட்டாயமா, 1325 அதன் இடத்தை நிரப்புமா என்று அட்வைசரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெக்சஸிலேயே பள்ளி முடித்தவர்களுக்கு ஏபி தேர்வு, அதாவது பள்ளியிலேயே எழுதிக் கல்லூரி க்ரெடிட் பெறும் தேர்வு, உண்டு. ஏபி மேக்ரோ எக்கான் 2301க்கும், ஏபி மைக்ரோ 2302க்கும், ஏபி கால்குலஸின் AB தேர்வு முழுக் கால்குலஸ் பாடமான மேத் 2413க்கும் ஈடாகும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசுக் கல்லூரிகள் ஏபியில் 5க்கு 3 மதிப்பெண்ணுக்கே க்ரெடிட் தர வேண்டும். அந்தப் பாடத்துக்கு உயர்ந்த மதிப்பெண் தேவை என்று கல்லூரி முறைப்படி தீர்மானித்திருந்தால் மட்டும் விலக்கு. ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸில்தான் கண்ணி இருக்கிறது. அது பெரும்பாலும் மேத் 1342 என்று பதிவாகும். பிசினஸ் ஸ்கூல் கேட்பதோ பிசினஸ் புள்ளியியல். 1342ஐ அதற்கு ஈடாக ஏற்காத வளாகங்கள் உண்டு, அங்கே அது வெறும் எலெக்டிவாகப் போய்விடும்.

கால்குலஸில் இரண்டு பாதைகள். வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் 1325 போதும். முதுகலைப் பொருளாதாரமோ பிஎச்டியோ மனதில் இருந்தால் முதல் வருடத்திலேயே 2413ஐ எடுங்கள். பெரும்பாலான பிபிஏ திட்டங்கள் அதை 1325க்குப் பதிலாக ஏற்கும். பிஎச்டி சேர்க்கையில் எதிர்பார்ப்பது மூன்று கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, கணித அடிப்படையிலான நிகழ்தகவு, முடிந்தால் ரியல் அனாலிசிஸ். விருப்பப் பாடத்துக்கான 15 க்ரெடிட்டும் இதற்கே போய்விடும், போதாமலும் போகலாம். மூன்றாம் வருடத்தில் இந்த ஆசை வந்தால் பிபிஏவுக்குள் அதைச் சேர்க்க இடமே இருக்காது. அந்த நிலையில் பிஎஸ்ஸுக்கு மாறுவதையோ கணித மைனர் சேர்ப்பதையோ யோசிப்பது நேர்மையான வழி.

எட்டு செமஸ்டர், ஒரு மாதிரி

1324இல் தொடங்கி, ஏபி எதுவும் இல்லாத மாணவருக்கான வரைவு இது. ஒவ்வொன்றும் 15 க்ரெடிட்.

முதல் ஃபால்: மேத் 1324, எக்கான் 2302, இங்கிலீஷ் 1301, ஹிஸ்டரி 1301, பிசினஸ் கம்ப்யூட்டர் பயன்பாடு.
முதல் ஸ்பிரிங்: மேத் 1325, எக்கான் 2301, இங்கிலீஷ் 1302, ஹிஸ்டரி 1302, ஸ்பீச் 1321.
இரண்டாம் ஃபால்: பிசினஸ் புள்ளியியல், அக்கவுண்டிங் 2301, கவர்ன்மென்ட் 2305, அறிவியல், தத்துவம் அல்லது இலக்கியம்.
இரண்டாம் ஸ்பிரிங்: அக்கவுண்டிங் 2302, இடைநிலை மைக்ரோ, வணிகச் சட்டம், கவர்ன்மென்ட் 2306, இரண்டாவது அறிவியல்.
மூன்றாம் ஃபால்: எக்கனாமெட்ரிக்ஸ், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட், கலைப் பாடம்.
மூன்றாம் ஸ்பிரிங்: இடைநிலை மேக்ரோ, ஆபரேஷன்ஸ், தகவல் அமைப்பு, பிசினஸ் எழுத்து, ஒரு பொருளாதார எலெக்டிவ்.
நான்காம் ஃபால்: இரண்டு பொருளாதார எலெக்டிவ், மூன்று விருப்பப் பாடங்கள்.
நான்காம் ஸ்பிரிங்: ஸ்ட்ராட்டஜி, இரண்டு பொருளாதார எலெக்டிவ், இரண்டு விருப்பப் பாடங்கள்.

இதில் சில இடங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். எண் வரிசைப்படி 2301 மேக்ரோவும் 2302 மைக்ரோவும் என்றாலும் இங்கே மைக்ரோவை முதலில் வைத்திருக்கிறோம். பெரும்பாலான வளாகங்களில் இவற்றுக்கு வரிசைக் கட்டாயம் இல்லை. தேவை-அளிப்பு, நெகிழ்ச்சி, செலவு வளைவு எல்லாம் கைவந்தபின் மேக்ரோ எளிதாக ஓடும். இடைநிலை மைக்ரோவுக்கான முன்தேவையும் சீக்கிரம் முடியும்.

புள்ளியியலுக்கும் எக்கனாமெட்ரிக்ஸுக்கும் நடுவே ஒரு செமஸ்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். ஹைப்போதிசிஸ் சோதனை, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், எளிய ரிக்ரெஷன் மூன்றும் மறந்த நிலையில் எக்கனாமெட்ரிக்ஸில் உட்கார்ந்தால் முதல் மூன்று வாரத்திலேயே பின்தங்கிவிடுவீர்கள். இடைநிலை மைக்ரோவும் எக்கனாமெட்ரிக்ஸும் ஒரே செமஸ்டரில் வேண்டாம். இரண்டிலும் வாராந்தரக் கணக்குத்தாள் இருக்கும், இரண்டின் நடுத்தேர்வும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

இடைநிலை மைக்ரோவில் மாணவர்கள் தடுக்கி விழுவது பொருளாதாரத்தில் அல்ல, பகுதி வகையீட்டிலும் லக்ராஞ்சியன் முறையிலும். மேத் 1325இல் பகுதி வகையீடு கடைசி வாரங்களில் வரும், நேரம் போதாமல் பல ஆசிரியர்கள் அதைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். குளிர்கால விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கி, இரண்டு மாறிகள் உள்ள பயன்பாட்டுச் சார்பை வரவுசெலவுக் கட்டுப்பாட்டுக்குள் உச்சப்படுத்தும் கணக்குகளை இருபது முப்பது போட்டுவிட்டுப் போனால் பாடம் பாதி முடிந்த மாதிரி.

அறிவியலில் லேப் தனி எண்ணில் தனி க்ரெடிட்டாக வரும் இடங்கள் உண்டு. 15 என்று போட்ட செமஸ்டர் 16, 17 ஆகிவிடும். லேப் கட்டாயமில்லை என்றால் எடுக்க வேண்டியதில்லை.

பாரம் எவ்வளவு தாங்கும்

ஒரு க்ரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வெளிவேலை என்பதுதான் மத்திய அரசின் அளவுகோல். 15 க்ரெடிட் என்றால் வாரம் 45 மணி நேரம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்தில் செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். இரண்டையும் கூட்டினால் 65. ஆங்கிலமும் வரலாறும் இருக்கும் முதல் வருடத்தில் இது ஓடிவிடும். எக்கனாமெட்ரிக்ஸ், ஃபைனான்ஸ் உள்ள மூன்றாம் ஃபாலில் ஓடாது. அந்த ஒரு செமஸ்டருக்கு வேலை நேரத்தைப் பாதியாகக் குறைக்க முன்கூட்டியே பணம் சேர்த்துவைப்பதும் பாடத்திட்டத்தின் பகுதிதான்.

கோடை வகுப்புக்கும் இதே கணக்கு. 15 வாரப் பாடத்தை ஐந்து வாரத்தில் அடக்கினால் ஒரே பாடத்துக்கு வாரம் 27 மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் 54. வரலாறு, கவர்ன்மென்ட், கலை ஆகியவற்றைக் கோடையில் தள்ளிவிடலாம். இடைநிலை மைக்ரோவையும் அக்கவுண்டிங் இரண்டாம் பாகத்தையும் ஐந்து வாரத்தில் படிப்பது தேர்ச்சி தரலாம், அடுத்த பாடத்துக்கு வேண்டிய அடித்தளத்தைத் தராது.

கோடையில் கம்யூனிட்டி காலேஜில் படிப்பது செலவைக் குறைக்கும் நல்ல வழி. க்ரெடிட் பெரும்பாலும் வந்துவிடும். க்ரேடு பொதுவாகப் பல்கலைக்கழக ஜிபிஏவில் சேராது. எனவே ஜிபிஏ உயர்த்த நினைத்து அங்கே போனால் பலனில்லை. 66 கீழ்நிலை க்ரெடிட்டுக்கு மேல் ஏற்கப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டாயமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டத்தில் கால்பங்கு க்ரெடிட்டாவது பட்டம் தரும் நிறுவனத்திலேயே படித்திருக்க வேண்டும் என்பது அங்கீகார அமைப்பின் விதி. பல வளாகங்கள் அதற்கும் மேலே தங்கள் நிபந்தனையைப் போடும்.

வணிகச் சட்டத்தில் கவனம். கம்யூனிட்டி காலேஜில் அது 2301 என்ற கீழ்நிலைப் பாடம். உங்கள் பிசினஸ் ஸ்கூலில் அது 3000 நிலைப் பாடமாக இருந்தால் மாற்றி வந்த பாடம் அந்தத் தேவையை நிரப்பாது. கட்டணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி 'இந்த க்ரெடிட்டை ஏற்பீர்களா' என்பதல்ல, 'எந்தத் தேவைக்கு ஏற்பீர்கள்' என்பது.

எலெக்டிவ்களைத் தேர்ந்தெடுத்தல்

ஐந்து பொருளாதார எலெக்டிவ்களையும் சுலபமான ஆசிரியர், வெள்ளிக்கிழமை வகுப்பில்லாத அட்டவணை என்று தேர்ந்தெடுப்பவர் பலர். வேலை நேர்காணலில் 'ஏன் இந்தப் பாடங்கள்' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போவது அதனால்தான். வங்கி, நிதி என்றால் பணம்-வங்கியியல், சர்வதேச நிதி, கூடவே ஃபைனான்ஸ் துறையின் முதலீட்டுப் பாடம். கன்சல்டிங் என்றால் தொழில்துறைப் பொருளாதாரமும் கேம் தியரியும். அரசு, கொள்கை ஆய்வு என்றால் பொது நிதி, தொழிலாளர் பொருளாதாரம். ஹூஸ்டன் பக்கம் வேலை தேடுபவருக்கு எரிசக்திப் பொருளாதாரம் நடத்தப்பட்டால் விடாமல் எடுக்கத் தக்கது. எண்ணெய், எரிவாயு, மின்சந்தை மூன்றும் அந்த ஊரின் பிழைப்பு. டேட்டா வேலை என்றால் இரண்டாவது எக்கனாமெட்ரிக்ஸ் அல்லது ஃபோர்காஸ்டிங், விருப்பப் பாடங்களில் எஸ்க்யூஎல், பைத்தான்.

எக்கனாமெட்ரிக்ஸ் எந்த மென்பொருளில் நடக்கிறது என்று பழைய பாடத்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேட்டா என்றால் லைசென்ஸ் செலவு உண்டா, லேபில் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆர் இலவசம், பட்டத்துக்குப் பிறகும் கையில் இருக்கும். இரண்டில் ஒன்று தேர்ந்தெடுக்க முடிந்தால் எங்கள் ஓட்டு ஆருக்கு.

மேல்நிலை க்ரெடிட் எண்ணிக்கையும் இங்கேதான் மறக்கப்படுகிறது. பல வளாகங்கள் 36 முதல் 45 வரை 3000, 4000 நிலை க்ரெடிட் கேட்கும். மேலே உள்ள வரைவில் பொருளாதாரம் 24, பிசினஸ் 21, ஆக 45 வந்துவிடுகிறது. உங்கள் வளாகத்தில் சட்டமும் புள்ளியியலும் மேல்நிலையாக இருந்தால் இன்னும் கூடும், எலெக்டிவ் ஒன்றைக் கீழ்நிலையில் மாற்றினால் குறையும். கடைசி செமஸ்டரில் 120 நிரம்பியும் மேல்நிலையில் மூன்று குறைகிறது என்று ஆடிட் சொன்னால் அது ஒரு முழுப் பாடத்தின் கட்டணம்.

டிராப், ரிப்பீட், மாநில விதிகள்

ஃபால், ஸ்பிரிங் செமஸ்டரில் பன்னிரண்டாவது வகுப்பு நாள் கணக்கெடுப்பு நாள். அதற்குள் விட்ட பாடம் டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது. அதற்குப்பின் விட்டால் ஏறும். 2007 ஃபாலிலோ அதற்குப் பிறகோ முதன்முதலாகக் கல்லூரியில் சேர்ந்தவர் டெக்சஸ் அரசுக் கல்லூரிகள் அனைத்திலும் சேர்த்து ஆறு பாடங்கள் வரைதான் இப்படி விடலாம். கம்யூனிட்டி காலேஜில் விட்டதும் அந்த ஆறில் ஒன்று. ஆகவே முதல் பத்து நாளில் பாடத்தாள், முதல் கணக்குத்தாள், ஆசிரியரின் வேகம் மூன்றையும் பார்த்து முடிவெடுப்பது பழக்கமாக வேண்டும்.

ஒரே பாடத்தை மூன்றாவது முறை எடுத்தால் மாநிலம் அதற்கு நிதி தராது. பல்கலைக்கழகம் கூடுதல் கட்டணம் வசூலிக்கலாம். பட்டத்துக்கு வேண்டியதைவிட 30 க்ரெடிட் அதிகம் போனால், டெக்சஸ்வாசிக் கட்டணம் கட்டுபவரிடம் வெளிமாநிலத்தார் கட்டணம் வரை வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஏபி போன்ற தேர்வு வழி வந்த க்ரெடிட் இந்த 30இல் சேராது. மேஜரை இரண்டு முறை மாற்றுபவர்கள்தான் இந்த வரம்பில் சிக்குவார்கள்.

கட்டாயப் பாடத்தில் வெறும் தேர்ச்சி போதாது. முன்தேவையாக எண்ணப்பட சி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது பரவலான விதி. டி வாங்கினால் க்ரெடிட் வரும், சங்கிலி நகராது. ஜிபிஏவை உயர்த்துவதும் வரவரக் கடினமாகும்: 60 க்ரெடிட்டில் 2.8 வைத்திருப்பவர் 120இல் 3.2 காண மீதி 60 க்ரெடிட்டிலும் சராசரி 3.6 எடுக்க வேண்டும். அந்த 60 க்ரெடிட்டில்தான் எக்கனாமெட்ரிக்ஸும் ஃபைனான்ஸும் இருக்கின்றன.

விசா உள்ளவர்களின் திட்டத்தில் கூடுதலாக

எஃப்-1 மாணவர் ஃபால், ஸ்பிரிங்கில் குறைந்தது 12 க்ரெடிட் எடுக்க வேண்டும். இந்த 12இல் முழுக்க ஆன்லைனில் நடக்கும் பாடம் ஒன்றுதான், மூன்று க்ரெடிட் வரை, எண்ணப்படும். சர்வதேச மாணவர் அலுவலக அனுமதி இல்லாமல் 12க்குக் கீழே போனால் விசா நிலைக்கே கேடு. எனவே 12 மட்டும் பதிவு செய்யும் செமஸ்டரில் எந்தப் பாடத்தையும் விட முடியாது. 15இல் இருப்பவருக்கு ஒன்றை விடும் சுதந்திரம் உண்டு. கடைசி செமஸ்டரில் பாக்கி குறைவாக இருந்தால் குறைந்த பாரத்துக்கு முன் அனுமதி பெறலாம்.

எச்-1பி வேலை விசாவில் உள்ள பெற்றோருடன், அவர்களைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் மாணவருக்கு இந்த 12 விதி கிடையாது. ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். எஃப்-1க்கு மாறினால் அந்த செமஸ்டரிலிருந்தே முழுநேர விதி வந்து சேரும். 21ஆம் பிறந்தநாள் எந்த செமஸ்டரில் விழுகிறது என்று திட்டத்தாளிலேயே குறித்துவைக்க வேண்டும்.

எஃப்-1இல் படிக்கும்போது வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி (படிப்போடு இணைந்த பயிற்சி வேலை) அனுமதி வேண்டும். அதற்கு ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தின் அங்கமாகவும் இருக்க வேண்டும். இதற்கென்று உள்ள இன்டர்ன்ஷிப் பாடத்தை மூன்றாம் வருடத்துக்குப் பின் வரும் கோடையில் விருப்பப் பாட க்ரெடிட்டாக வைப்பது வழக்கம். அதைக் கோடைக்கு மாற்றினால் நான்காம் ஃபால் 12 ஆகிவிடும், மேலே சொன்ன நெருக்கடி அங்கே வரும். முழுநேர சிபிடியை 12 மாதம் பயன்படுத்திவிட்டால் ஓபிடி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய வேலை அனுமதி, போய்விடும்.

ஓபிடி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம் என்றால் மேலும் 24 மாதம். இங்கேதான் பொருளாதார மாணவர்கள் மேஜரின் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். தீர்மானிப்பது பெயரல்ல, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 விசாப் படிவத்தில் அச்சாகியிருக்கும் சிஐபி எண், அதாவது பாடத்துறையைக் குறிக்கும் எண். 45.0603, அதாவது எக்கனாமெட்ரிக்ஸ்-அளவுசார் பொருளாதாரம், ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. பொதுப் பொருளாதாரமான 45.0601 அதில் இல்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் பிபிஏ ஓர் எண்ணிலும் பிஎஸ் இன்னோர் எண்ணிலும் இருக்கலாம். இதைச் சேரும் முன்பே, தவறினால் முதல் வருடத்திலேயே பார்த்துவிட வேண்டும். நான்காம் வருடத்தில் தெரிந்தால் மாற நேரம் இருக்காது.

கோடை இன்டர்ன்ஷிப்புக்கான ஆளெடுப்பு அதற்கு முந்தைய ஃபாலிலேயே பெரும்பாலும் தொடங்கும். பெரிய முதலீட்டு வங்கிகள் ஒரு வருடத்துக்கும் முன்பே தொடங்கிவிடும். புள்ளியியலும் கணக்கியலும் இரண்டாம் வருடத்தில் முடிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்: விண்ணப்பத்தில் எழுத அவைதான் இருக்கும்.

ஒவ்வொரு செமஸ்டரும் செய்ய வேண்டியது

பதிவு தொடங்க மூன்று வாரம் முன்பு ஆடிட்டை எடுத்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கட்டாயப் பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடம் எழுதிக்கொண்டு அட்வைசரைப் பாருங்கள். வெறுங்கையோடு போனால் பொதுத் திட்டத்தாள் ஒன்றை நீட்டுவார். கேள்வியோடு போனால் பதில் கிடைக்கும். எந்தப் பாடமாற்றுச் சலுகை தந்தாலும் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள், அந்த அட்வைசர் அடுத்த வருடம் இருப்பார் என்பது நிச்சயமில்லை. பதிவு நேரம் திறந்ததும் முதலில் பிடிக்க வேண்டியது வருடத்துக்கு ஒருமுறை வரும் பாடம். ஒவ்வொரு செமஸ்டரும் நடக்கும் வரலாறும் கலையும் காத்திருக்கும்.

ஏழாம் செமஸ்டர் தொடக்கத்தில் பட்டத்துக்கான முன்-ஆய்வை அலுவலகத்திடம் கேளுங்கள். குறை இருந்தால் சரிசெய்ய ஒரு செமஸ்டர் மிச்சமிருக்கும். பட்டம் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். அதன் கடைசித் தேதி பெரும்பாலும் இறுதி செமஸ்டரின் ஆரம்ப வாரங்களில் விழும். ஓபிடி விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்வரை கொடுக்கலாம். மே மாதத்தில் முடிப்பவர் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுவது நல்லது, வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து சேராமல் வேலை தொடங்க முடியாது.